வயதே ஏறாத அறுநூறு கழுத்துகள்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. மழை, கூடவே குளிர். கழுத்தைச் சுற்றிச் சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். வினையே அந்தச் சால்வையால்தான் வந்தது. வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்த என் சித்தி, நடைமேடையில் என்னைத் தாண்டி விறுவிறுவென்று போய், நாலு பேர் தள்ளி நின்றிருந்த ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு வார்த்தை எழுது கண்ணு. கால் நனையாம பாத்துக்கோ. கண்டவங்களோட சண்டை போடாதே."

நான் ஓடிப்போய் அவள் தோளைத் தட்டினேன். சித்தி திரும்பி என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து, "கொஞ்சம் இருங்க, பொண்ணை ஏத்திவிட்டுட்டு வரேன்" என்றாள்.

அந்தப் பெண் பாவம், வழியனுப்ப ஆளில்லாமல் நின்றவள் போலிருக்கிறது. "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு, சித்தி கொடுத்த பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, தலைவலி மாத்திரை, ஒரு டார்ச் விளக்கு எல்லாம் அதோடு போயின. தூண் ஓரமாக நின்றிருந்த சித்தப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அழுகை என்று நினைத்து ஒருவர் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"சித்தி, நான்தான்" என்று சால்வையை அவிழ்த்தேன்.

சித்தி என் கழுத்தைப் பார்த்தாள். முகம் வெளிறியது. உடனே கோபம் வந்தது. "கழுத்தை மூடிக்கிட்டு நின்னா மனுஷிக்கு எப்படிடி தெரியும்? அந்தப் பொண்ணுக்கும் இதே மாதிரி, ஒல்லியா, இடது பக்கம் மச்சத்தோட..."

சித்திக்கு முகம் நினைவில் நிற்காது. பெயரும் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரரை இருபது வருடமாகத் தெரியும், ஆனால் அவர் திரும்பிப் பக்கவாட்டில் நிற்கிற வரைக்கும் யாரோ விற்க வந்தவர் என்று நினைத்துத்தான் பேசுவாள். கழுத்து மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும், மறக்காது.

அவள் வேலையும் கழுத்துதான். எங்கள் ஊர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கிறவள். முதலில் வாசலில் டோக்கன் கொடுக்கிற இடத்தில்தான் இருந்தாள். வந்தவரையே மறுபடி மறுபடி "புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டதால் உள்ளே அனுப்பினார்கள். ஸ்கேன் படித்துத் தேறியதும் கர்ப்பிணிகள் பக்கம் போட்டார்கள். அங்கே திரையைக் காட்டி, "யார் ஜாடை?" என்று ஆசையாகக் கேட்டவர்களிடம், "எல்லாக் குழந்தைக்கும் ஒரே மூஞ்சிதாங்க" என்று சொல்லிவிட்டாள். மூன்று புகார் வந்தது. கடைசியில் கழுத்துக்கு மாற்றினார்கள். மீனைத் தண்ணீரில் விட்ட மாதிரி ஆனது.

வேலை இதுதான். வருகிறவர் மல்லாந்து படுத்து, தலையை மறுபக்கம் திருப்ப வேண்டும். சித்தி கழுத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, சோப்புக்கட்டி அளவிலுள்ள கருவியை வைத்து அழுத்தாமல் நகர்த்துவாள். திரையில் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் கறுப்பாக, நீளவாக்கில் தெரியும். அதன் அடிச்சுவர் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தண்டவாளம் மாதிரி கிடக்கும். படத்தை நிறுத்திவிட்டு, மேல் கோட்டில் ஒரு பிளஸ் குறி, கீழ்க் கோட்டில் ஒரு பிளஸ் குறி வைத்தால், இடைவெளி எவ்வளவு என்று திரையின் மூலையில் எண் வரும். பூஜ்யம் புள்ளி ஆறு எட்டு மில்லிமீட்டர், பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று, இப்படி. சுவர் தடிக்கத் தடிக்க வயதாகிறது, இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்பார்கள்.

"ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சுவர்ல நூறுல ஒரு பங்கு பாக்கிறேன்" என்பது சித்தியின் பெருமை. "பூஜ்யத்தையும் புள்ளியையும் யார் சொல்லிக்கிட்டு" என்று வீட்டில் இரண்டு எண்ணை மட்டும்தான் சொல்லுவாள். ஊரே அவளுக்கு எண்கள்தான். "எழுபத்தொண்ணு வந்து தபால் குடுத்துட்டுப் போச்சு." "அறுபத்துநாலு சட்டை தைக்க லேட் பண்ணுது." ஸ்கேன் பழகுகிற நாட்களில் வீட்டிலிருந்தவர்கள் எல்லோரையும் படுக்க வைத்து அளந்திருந்தாள். எனக்குப் பத்தொன்பது வயதில் வந்தது நாற்பத்தெட்டு. அன்றிலிருந்து கோபம் வந்தால் "ஏய் நாப்பத்தெட்டு" என்றுதான் கூப்பிடுவாள்.

சித்தப்பா அறுபத்தெட்டு. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். "இவ அளக்கிறா, நான் அளந்து விடுறேன், குடும்பம் ஓடுது" என்று யாரிடமும் சொல்லுவார். எங்கள் ஊரில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ப் படுத்தவர் அவர்தான். அறுநூறு பேர் கழுத்தை அளப்பது, ஐந்து வருடம் கழித்து அதே அறுநூறு பேரை மறுபடி அளப்பது, சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பது, இதுதான் ஆய்வு. இதே மாதிரி வேறு ஏழு ஊர்களிலும் நடந்தது. எங்கள் ஊரில் அளந்த ஒரே கை சித்தியின் கை. இரண்டாம் சுற்றில் சித்தப்பாவுக்கு வந்தது அதே அறுபத்தெட்டு. அதிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கிற கடைக்குக்கூட அவர் நடந்து போவதில்லை. "அஞ்சு வருஷம் என் கழுத்துக்கு வயசே ஆகலை. எதுக்கு நடக்கணும்?"

நான்கு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தேன். அம்மாவும் நானும் ஒரு கூரையின் கீழ் ஒரு வாரத்துக்கு மேல் தாங்க மாட்டோம் என்பதால் சித்தி வீட்டில் பெட்டியை வைத்தேன். வந்த மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து சித்தி வேகமாக வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னைத் திருடிங்கிறாங்க" என்றாள்.

ஆய்வின் தலைமை அலுவலகத்திலிருந்து புள்ளிவிவரம் பார்க்கிற ஒருவர் வந்திருந்தார். இளைஞர், ஒல்லி. சித்தி பார்த்த மாத்திரத்தில் நீளக்கழுத்து என்று பெயர் வைத்துவிட்டாள். மற்ற ஏழு ஊர்களிலும் சுவர் சராசரியாக வருடத்துக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடித்திருந்தது. எங்கள் ஊரில் மட்டும் ஒன்றுமே இல்லை. அறுநூறு பேருக்கும் ஐந்து வருடத்தில் வயதே ஆகவில்லை. நம்பகத்தன்மை பார்ப்பதற்காக முப்பது பேரை ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை அளக்கச் சொல்லியிருந்தார்கள். அதில் இருபத்தாறு பேருக்கு இரண்டு தடவையும் அச்சு அசலாக ஒரே எண்.

"அதுக்கு மெடல் இல்ல குடுக்கணும்?" என்றார் சித்தப்பா.

"மனுஷக் கைன்னா வித்தியாசம் வரணுமாம். வரலைன்னா ரெண்டாவது தடவை அளக்கவே இல்ல, பழசைப் பாத்து எழுதிட்டேன்னு அர்த்தமாம்." சித்தி அப்போதுதான் செருப்பைக் கழற்றி எறிந்தாள். "இந்த மாசக் கடைசிக்குள்ள விளக்கம் சொல்லலைன்னா அறுநூறு பேரையும் ஆய்விலிருந்து தூக்கிடுவாங்களாம். ஏழு வருஷம்டி. ஒரு நாள் லீவு போடலை. இனிமே ஸ்கேன் ரூமுக்குள்ள என்னை யார் விடுவாங்க?"

மறுநாள் காலை அவளுக்குத் துணையாக நானும் போனேன். ஸ்கேன் அறை சின்னது. ஜன்னலில்லை. ஒரு கட்டில், சக்கரம் வைத்த இயந்திரம், ஜெல் பாட்டில்களைச் சூடாக வைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி வெந்நீர். பெரிய டாக்டரம்மா மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீளக்கழுத்து ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆய்விலிருந்த ஐந்து பேரை ஒவ்வொருவராகப் படுக்க வைத்து, முகத்தையும் உடம்பையும் துணியால் மூடி, கழுத்தை மட்டும் விட்டிருந்தார்.

முதல் ஆள் படுத்ததும் சித்தி ஜெல் பாட்டிலை எடுக்கக்கூட இல்லை.

"தபால்காரர். எழுபத்தொண்ணு."

துணிக்குள்ளிருந்து, "வணக்கங்கம்மா" என்றது ஒரு குரல்.

அடுத்த ஆள். "தையல்காரர், அறுபத்துநாலு. இப்பயாவது அந்த ரவிக்கையைக் குடுங்க."

மூன்றாவது ஆள். "இவங்க மருந்துக்கடை அம்மா. எண்பத்திரண்டு. சங்கிலியை எப்பவும் இடது பக்கம் ஒதுக்குவாங்க."

ஐந்து பேரையும் சொல்லி முடித்துவிட்டு, சித்தி வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினாள். "பாத்தீங்களா தம்பி? நான் எதுக்குப் பழசைப் பாத்து எழுதணும்? எல்லாம் மனப்பாடம்!"

நீளக்கழுத்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். சித்தி தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொண்டு, அதைத் தங்கச் சங்கிலி என்று காட்டுகிறாள் என்பது எனக்கே புரிந்தது. அவளுக்குத்தான் புரியவில்லை.

"அம்மா, அதுதான் பிரச்சினை" என்றார் நீளக்கழுத்து மெதுவாக.

"ஞாபகம் இருக்கிறது குத்தமா?"

அவர் டிராயரைத் திறந்து பிளாஸ்திரி சுருளை எடுத்தார். ஒரு துண்டு கிழித்து, எண் தோன்றும் மூலையை மறைத்து, திரைமேல் ஒட்டினார். "இப்ப அளங்க. தபால்காரரை மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் கருவியை எடுத்துட்டு மறுபடி வைங்க."

தபால்காரர் மறுபடி வந்து துணிக்குள் படுத்தார். சித்தி அளந்தாள். மேலே பிளஸ், கீழே பிளஸ். அவள் கண் தன்னிச்சையாக மூலைக்கு ஓடியது. பிளாஸ்திரியில் முட்டித் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் நீளக்கழுத்து அவளைத் திரும்பச் சொல்லி, பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு தாளைக் காட்டினார். எழுபத்தாறு. எழுபத்துமூன்று. எழுபத்தேழு.

சித்தி தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள்.

"எனக்கு ஏறிப்போச்சாங்க?" என்றது துணிக்குள்ளிருந்த குரல்.

"நீங்க சும்மா இருங்க" என்றார்கள் மூன்று பேரும்.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாயங்காலம் வரை துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். சித்தப்பா இரண்டு நகைச்சுவை சொல்லிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். கடைசியில் ஒரு போர்வையின் நடுவில் நிறுத்தி, "ஏய் நாப்பத்தெட்டு, இங்க வா" என்றாள்.

போனேன்.

"நான் பொய் சொல்லலைடி. ஆனா யோசிச்சுப் பாத்தேன். தபால்காரர் படுப்பார். எழுபத்தொண்ணுன்னு மனசு சொல்லும். பிளஸ்ஸை வைப்பேன். எழுபத்தஞ்சுன்னு காட்டும். சே, கை நடுங்கிடுச்சுன்னு கொஞ்சம் நகத்துவேன். எழுபத்துமூணு. இன்னும் கொஞ்சம். எழுபத்தொண்ணு வந்ததும், ஹப்பா, சரியா வெச்சுட்டேன்னு அழுத்திடுவேன்." போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என் தப்பைத் திருத்துறேன்னு நெனச்சு, ஏழு வருஷமா ஊருக்கே வயசைக் குறைச்சிருக்கேன்."

"இதை அவர்கிட்டச் சொல்லப் போறியா?"

"சொல்லலைன்னா திருடி. சொன்னா முட்டாள். முட்டாளாவே இருந்துட்டுப் போறேன்."

வாசலிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "அப்ப என் அறுபத்தெட்டு?"

"அதுவும்தான்."

அவர் உள்ளே வந்து கண்ணாடியில் தன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சித்தி நீளக்கழுத்திடம் போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மழுப்பவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களாம்மா?" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்த பிறகுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அம்மா, நீங்க எடுத்த படம் எல்லாம் பத்திரமா இருக்கு. முதல் சுற்று அறுநூறு, ரெண்டாம் சுற்று அறுநூறு. படத்துல குறையில்ல. ரொம்ப நல்ல படங்க. பிளஸ் வெச்சதுதான் கோளாறு. பேர், தேதி எதுவும் தெரியாம, பழசு புதுசு எல்லாத்தையும் கலைச்சுத் தரேன். எண்ணைப் பாக்காம மறுபடி அளங்க."

"வேற யாராவது அளந்தா நல்லாயிருக்காதா தம்பி? என் கைமேல எனக்கே நம்பிக்கை போச்சு."

"ஆளுக்கு ஒரு கை. ஒருத்தர் கோட்டுக்கு மேல வைப்பார், ஒருத்தர் கோட்டுக்குக் கீழ வைப்பார். அந்தக் குழப்பம் வேற வேண்டாம். ஒரே கைதான் நல்லது. நடுநடுவுல நூறு படத்தை உங்களுக்குத் தெரியாம ரெண்டு தடவை போடுவேன். உங்க கை எவ்வளவு தப்பு பண்ணுதுன்னு அதுல தெரிஞ்சுடும். ரெண்டு தடவைக்கும் வித்தியாசம் சராசரியா ஆறு சதவீதத்துக்குள்ள இருந்தா அறுநூறு பேரையும் வெச்சுப்போம். அதுக்கு மேல போனா..." அவர் பேனாவை மூடினார். பிறகு, "பக்கத்துல உக்காந்து எண்ணைக் குறிக்க ஒருத்தர் வேணும். இந்தக் கழுத்தெல்லாம் தெரியாத ஆளா இருக்கணும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு வருடம் ஊரில் இல்லாததற்குக் கிடைத்த முதல் வேலை அது.

ஒரு நாளைக்கு நாற்பது படம், மதியத்துக்கு மேல். சித்தி பிளஸ்களை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்புவாள். நான் பிளாஸ்திரியைத் தூக்கி எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிவிட்டு மூடுவேன். இரண்டாம் நாளே சிக்கல். நான் எழுதி முடித்ததும் சித்தி, "தப்பா வெச்சுட்டேன், அழி, இன்னொரு தடவை வைக்கிறேன்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எண் பெருசா இருந்தா நீ எச்சில் முழுங்குற. தொண்டை ஏறி இறங்குது."

"நீ சுவரைத்தானே பாத்துக்கிட்டிருந்த?"

"திரும்பும்போது பாத்தேன்."

நீளக்கழுத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கழுத்தை மூடிக்கோங்க" என்றார்.

அந்த வெக்கையில், ஜன்னலில்லாத அறையில், நான்கு வருடம் ஊர் ஊராக என்னோடு வந்த அதே சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் அப்படி உள்ளே வந்தபோது, சித்தி நிமிர்ந்து பார்த்து, "ஸ்கேனுக்கு வெளியில பேர் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

படங்களைப் பார்த்ததும் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாய் முணுமுணுக்கும். ஆனால் அது பழைய தபால்காரரா புதிய தபால்காரரா என்று தெரியாது. திரையில் என்ன எண் வந்தது என்றும் தெரியாது. "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு" என்பாள். முதல் வாரம் ஒரு படத்துக்கு ஐந்தாறு நிமிடம் ஆனது. நகர்த்துவாள், மூலையைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். இரண்டாம் வாரத்தில் மூலையைப் பார்ப்பதை நிறுத்தினாள். மூன்றாம் வாரம் ஒரு நாள், குறியை வைத்துவிட்டு, "கோடு இங்கதான் இருக்கு. எண் என்னவா இருந்தா எனக்கென்ன?" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரும்பினாள். அன்று ஐம்பது படம் முடித்தோம்.

சித்தப்பா தினமும் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "நான் வந்தேனா இன்னிக்கு?"

"சொல்லக்கூடாது சித்தப்பா."

"சரி, சொல்ல வேணாம். எச்சில் மட்டும் முழுங்கு."

ஐந்து வாரம் ஆனது. நான் ஒரே நாற்காலியில் அவ்வளவு நாள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தாள்களைக் கட்டி அனுப்பினோம். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. மற்ற ஊர்களின் கணக்கும் முடிய வேண்டும், பொறுங்கள் என்றார்கள். மாதக் கெடு போய், மாதங்களே போயின. சித்தியை ஸ்கேன் அறையிலிருந்து எடுத்துப் பழையபடி வாசலில் டோக்கன் கொடுக்கப் போட்டார்கள். முடிவு தெரிகிற வரைக்கும்தான் என்றார் டாக்டரம்மா. சித்தி வந்தவர்களையெல்லாம் "புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியது. மறுபடியும் கிளம்பினேன். இந்தத் தடவை கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றேன். பொட்டலம் எனக்கே கிடைத்தது.

பதினான்கு மாதம் கழித்து, எங்கோ ஒரு பேருந்துக்காக நான் காத்திருந்தபோது, சித்தியின் செய்தி வந்தது:

"முடிவு வந்துடுச்சு. என் கை தப்பு நாலு சதவீதம்தானாம். மனுஷக் கைதான்னு ஒத்துக்கிட்டாங்க. அறுநூறு பேரையும் வெச்சுக்கிட்டாங்க. நம்ம ஊருக்கும் மத்த ஊர் மாதிரியே வயசாகியிருக்கு. திங்கக்கிழமையிலேருந்து ஸ்கேன் ரூம்ல இருக்கேன், பிளாஸ்திரியை நான் எடுக்கலை. உங்க சித்தப்பாவுக்கு முதல் சுற்றுல அறுபத்தெட்டு இல்ல, எழுபது. ரெண்டாம் சுற்றுல எழுபத்தொன்பது. ஒருத்தர் கழுத்தை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, நூத்துக்கணக்குல பேர் இருந்தாத்தான் அர்த்தம்னு நீளக்கழுத்து தனியா எழுதியிருக்கார். அதை மட்டும் இவர்கிட்ட நான் சொல்லலை. தினமும் காலையில ரெண்டு மைல் நடக்கிறார். நடக்கட்டும். நீ எப்ப வர்ற? வரும்போது சால்வையைக் கழட்டிட்டு இறங்கு."